அப்பாயி தங்கச்சியோட சேலை என்ன கலர்?

2023இல் எல்லா இடமும் 'மலையகம் 200' பேச்சாக இருந்தது. நாங்களும் கஹவத்தையில எங்க தோட்டத்துப் பழைய போட்டோக்களைச் சேர்த்து கோயில் மண்டபத்தில் வைக்கலாம் என்று இறங்கினோம். கம்பஸ் லீவு, மூன்று பேர், ஒரு இரவல் ஸ்கேனர், ஒரு லெப்டொப். போட்டோ கிடைப்பதே பெரும்பாடு. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது ட்ரங்குப் பெட்டியோடு போனதை எல்லாம் யாரிடம் கேட்பது? மிச்சத்தை மழையும் கறையானும் பார்த்துக்கொண்டன.

கிடைத்ததில் எங்களுக்கு முக்கியமானது அப்பாயியும் அவங்க தங்கச்சியும் நிற்கிற கலர் படம். 1982இல், தங்கச்சி குடும்பம் இந்தியாவுக்குப் போறதுக்கு முன்னால எடுத்தது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டதே, அந்தக் கணக்கில் சின்ன அப்பாயியும் ஒரு ஆள். அவங்களுடைய வேறு படம் எங்களிடம் இல்லை.

படம் முழுக்கச் சிவந்துபோயிருந்தது. அந்தக் காலத்துக் கலர் பிரிண்டுகள் பலவற்றில் சயான் என்கிற பச்சைநீலச் சாயம்தான் முதலில் மங்கும், மிஞ்சுவது சிவப்பு. இரவெல்லாம் உட்கார்ந்து சிவப்பைக் குறைத்தோம். ஸ்கிரீனில் அவ்வளவு அழகு. பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் முகம் நீலம் பாய்ந்து இருட்டிக் கிடக்குது, சேலை பாசி பிடித்த மாதிரி. அப்பாயி கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"இது யாரு புள்ள? என் தங்கச்சி சேல மாம்பழக் கலருல்ல?"

பிரிண்ட் போட்டவரைத்தான் முதலில் திட்டினோம். தப்பு எங்களுடையது. லெப்டொப்பில் 'நைட் லைட்' ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கிரீனே மஞ்சள் சிவப்பாக இருக்க, இல்லாத சிவப்பையும் சேர்த்து நாங்க கழித்திருக்கோம். வெளிச்சத்தையும் முழுசாகக் கூட்டி வைத்திருந்தோம்; படம் பளிச்சென்று தெரிந்ததால் இன்னும் இருட்டாக்கினோம். ஸ்கேன் ஃபைலில் உள்ள எண்கள் மொனிட்டரால் மாறாது. அதைப் பார்த்து நாங்க எடுக்கிற முடிவுதான் மாறும். அந்த முடிவை ஒரிஜினல் ஸ்கேன் மேலேயே சேவ் பண்ணியிருந்தோம், அதுதான் பெரிய முட்டாள்தனம். திருப்பிக் கொடுத்த போட்டோக்களில் பதினொன்று மறுபடி கைக்கு வரவில்லை.

பிரிண்ட் போட்டவர் "முகத்தை வெள்ளையாக்கித் தரவா?" என்று நல்ல மனசோடுதான் கேட்டார். இது அவரோடு தொடங்கின பழக்கம் இல்லை. கொடாக் கம்பெனி 1950களிலிருந்து லெப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவ நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. வெயிலில் கொழுந்தெடுத்த கறுப்பு அந்தக் கணக்கில் எங்கே இருந்தது? இருட்டில் கண்ணும் மூக்கும் கரைந்து போன எங்க ஆட்களின் படங்களைப் பார்த்தால் தெரியும்.

பிறகு கல்யாணப் படம் எடுக்கிற ஒரு அண்ணாவிடம் கலரிமீட்டர் இரவல் வாங்கினோம். ஸ்கிரீனில் தொங்கவிட்டால், அது வரிசையாக நிறங்களைக் காட்டி, வந்த வெளிச்சத்தை அளந்து, வித்தியாசத்தைத் திருத்த ஒரு ப்ரொஃபைல் எழுதும். 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் 100 கேண்டெலா அளவில் வைத்தோம். மொனிட்டரை அரை மணி நேரம் சூடாக விட்ட பிறகுதான் அளக்கணும். கருவி கிடைக்காதவங்க நைட் லைட்டையாவது அணையுங்க, வெளிச்சத்தைக் குறையுங்க, மஞ்சள் பல்புக்குக் கீழே உட்காராதீங்க. முதல் ஸ்கேனை தொடாமல் தனியாக வையுங்க, கெஞ்சிக் கேட்கிறோம்.

அப்பாயியின் படத்தை மறுபடி ஸ்கேன் பண்ணினோம். இந்த முறை சேலை மாம்பழத்துக்குக் கிட்டே வந்தது. "கொஞ்சம் பழுக்கணும்"னாங்க. அப்புறம் தங்கச்சி பக்கத்தில் நிற்கிற தன்னைக் காட்டி,

"நான் இவ்வளவு கறுப்பாவா இருந்தேன்?"

"ஆமா அப்பாயி."

"சரி, அப்பிடியே இருக்கட்டும். பெருசா ஒன்னு போட்டுக் குடுங்க."