வாய்க்கால் எங்கே முடிகிறது?

ஓர் ஊரில் சாதி எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? டீக்கடைக்கும் கோயிலுக்கும் போவதற்கு முன்னால், கழிவுநீர் வாய்க்கால் கூடவே கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். நாங்கள் போன ஊர்கள் பலவற்றில் அது ஊர்த்தெருவில் தொடங்கி காலனி ஓரத்தில் முடிகிறது. ஏன் என்று கேட்டால், "தண்ணி பள்ளத்தைப் பாத்துத்தான் ஓடும், அதுக்கு சாதி தெரியுமா?" என்பார்கள். தண்ணீருக்குத் தெரியாதுதான். ஆனால் நம்மைப் பள்ளத்தில் குடிவைத்தது தண்ணீர் இல்லையே.

எங்கள் குழுவில் பொறியாளர் யாரும் இல்லை. சமூகவியல் படித்துவிட்டுக் களத்துக்கு வந்தவர்கள், கொத்தனார்கள், சித்தாள் வேலைக்குப் போகும் அக்காக்கள் என்று கலந்திருக்கிறோம். வட மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் புதிய வாய்க்காலுக்குக் கோடு போட்டபோது காலனி மக்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். கடைசி வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கழிவுநீர் விழும்படி திட்டம் இருந்தது. "இது சாதிப் பாகுபாடு" என்று மக்கள் முன்பே மனு கொடுத்திருந்தார்கள். "தொழில்நுட்ப அடிப்படையிலேயே இடம் தேர்வு செய்யப்பட்டுள்ளது" என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது.

தொழில்நுட்பம் என்ற சொல் வந்துவிட்டால் நம் பிள்ளைகள் பலர் வாயடைத்துப் போகிறார்கள். ஆனால் அந்தக் காலனியில் வீட்டுக்கு ஒரு கொத்தனார் இருக்கிறார். மாவட்டத் தலைநகரில் மூன்று மாடி கட்டிய கைகள் அவை. தண்ணீர் நிரப்பிய டியூபை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் மட்டம் பார்த்தார்கள். வாய்க்காலை இன்னும் கொஞ்ச தூரம் ஓடைப் பக்கம் நீட்டினால் போதும், வாட்டம் சரியாகவே இருக்கிறது என்று தெரிந்தது. இரண்டாவது மனுவில் அந்த அளவுகளை வரைபடமாகப் போட்டுக் கொடுத்தோம். அதை ஒரு வரியில் தள்ள முடியவில்லை. அதிகாரி நேரில் வந்தார், டேப் பிடித்தார், திருத்திய எஸ்டிமேட் போடப்பட்டது. இன்று வாய்க்கால் ஓடைப் பக்கம்தான் போகிறது. ஊர்த்தெருவில் மேலே மூடி போட்டிருக்கிறார்கள், காலனிப் பகுதியில் இன்னும் போடவில்லை. அதற்கான சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

இதிலிருந்து இளைய தோழர்களுக்குச் சில விஷயங்கள்.

ஒரு கட்டுமான வேலைக்குத் திட்டமிடல், நடத்துதல், கண்காணித்தல் என்று மூன்று கட்டங்கள் உண்டு. நம் போராட்டங்கள் அநேகமாக எல்லாம் முடிந்து, சாலை பெயர்ந்த பிறகுதான் நடக்கின்றன. அநியாயமோ முதல் கட்டத்திலேயே காகிதத்தில் ஏறிவிடுகிறது. எந்தத் தெரு, எத்தனை மீட்டர், எங்கே முடியும் என்பதெல்லாம் எஸ்டிமேட்டில் இருக்கிறது. அந்தத் தாளைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும். கிராம சபை இப்போது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. தீர்மானத்தில் வேலையின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. தொடக்க இடமும் முடிவிடமும் எழுதப்பட வேண்டும் என்று எழுந்து கேளுங்கள்.

வேலை நடக்கும்போது கலவையைப் பாருங்கள். எம் 20 கான்கிரீட் என்று எஸ்டிமேட்டில் இருந்தால் பொதுவாக ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரை பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். இதை நம் சித்தாள் அக்காக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வேலையில் எத்தனை சட்டி மணல் கூடுதலாகப் போனது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டு எழுதி வைக்க ஒரு நோட்டு வேண்டும், அவ்வளவுதான்.

பில் எழுதப்படுவது எம் புக் என்னும் அளவுப் புத்தகத்தை வைத்து. அதில் எழுதிய நீளமும் தரையில் இருக்கும் நீளமும் ஒன்றா என்று பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜே) ஆவணத்தின் நகலை மட்டும் தரவில்லை. வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இது பொறியாளர் வேலை, நமக்கெதற்கு என்று நினைக்கும் தோழர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் பாபாசாகேப் அம்பேத்கர் தொழிலாளர் துறையைப் பார்த்தார். பாசனமும் மின்சாரமும் அந்தத் துறையில்தான் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் போடப்பட்டதும், 1945-இல் மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம் உருவானதும் அந்தக் காலத்தில்தான். அணையும் மின்சாரமும் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்கு அரசியல் கேள்வியாகவே இருந்தது.

கட்டுமானத்தைக் கண்காணிக்க ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை மேட்டுப்பாளையம் நடூரில் பார்த்தோம். 2019 டிசம்பர் 2 விடியற்காலை மழையில் ஒரு சுற்றுச்சுவர் இடிந்து நம் மக்கள் 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே சொல்லியிருந்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். கேட்க யாரும் இல்லை.

ஊரையெல்லாம் கட்டுவது நம் கை. கணக்கு மட்டும் வேறு யார் கையிலோ இருக்கிறது. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது ஒரு டேப்பும், ஒரு நோட்டும், உங்கள் தெருக் கொத்தனார் அண்ணன் ஒருவரும் கூட வரட்டும்.

ஜெய் பீம்!