நாலு கல்லும் நாற்பதும்

ஒரு வியாபாரியிடம் 40 ராத்தல் எடைக்கல் ஒன்று இருந்ததாம். ஒருநாள் அது கீழே விழுந்து நாலு துண்டாகிவிட்டது. ஆனால் ஆள் வருத்தப்படவே இல்லை. அந்த நாலு துண்டுகளை வைத்தே 1 முதல் 40 வரை எந்த முழு எடையையும் அவரால் நிறுக்க முடிந்தது. அப்படியென்றால் துண்டுகளின் எடை என்னென்ன?

(கீழே படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.)

விடை 1, 3, 9, 27. இந்த நாலு எடைகள் 1202-ல் ஃபிபோனாச்சி எழுதிய புத்தகத்திலேயே வந்துவிட்டன. 1612-ல் பிரான்சின் பாஷே தன் புதிர்ப் புத்தகத்தில் சேர்த்ததால் பலரும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள்.

சூட்சுமம் இதுதான். கல்லைச் சரக்கு இருக்கும் தட்டிலும் வைக்கலாம்! 5 ராத்தல் வேண்டுமா? ஒரு தட்டில் 9. மறு தட்டில் சரக்கோடு 3-ம் 1-ம். 9 − 3 − 1 = 5. நம்மூர் மளிகைக் கடையில் இப்படி நிறுத்தால் சண்டைதான் வரும், ஆனால் கணக்கு சரி.

ஒவ்வொரு கல்லுக்கும் மூன்றே இடம்: எதிர்த்தட்டு, சரக்குத் தட்டு, தரை. நாலு கல்லுக்கு 3×3×3×3 = 81 விதம். −40 முதல் +40 வரை உள்ள எண்களும், பூஜ்யத்தைச் சேர்த்து, சரியாக 81. ஒரு விதம்கூட வீணில்லை.

கல்லை மறந்துவிட்டு குறிகளை மட்டும் எழுதினால் அது ஒரு எண்முறை ஆகிவிடுகிறது. அடிமானம் மூன்று, ஆனால் இலக்கங்கள் 0, 1, 2 அல்ல, +, 0, −. இதில் 5 என்பது +−−. 40 என்பது ++++. சரி, 41? நாலு இடமும் நிரம்பிவிட்டதே... அடுத்த இடத்தில் 81 வந்து, மற்றதெல்லாம் தலைகீழாகிறது: +−−−−. இரண்டடிமானத்தில் 40-ஐ எழுத 101000 என்று ஆறு இடம் வேண்டும்.

−40 எழுதத் தனிக்குறி தேவையில்லை, −−−− போதும். கடைசி இலக்கத்தை வெட்டினால் மூன்றால் வகுத்து, பக்கத்து முழு எண்ணுக்குத் திருத்திய விடை தானாகக் கிடைக்கும்: ++++ வெட்டுப்பட்டு +++, அதாவது 13. டொனால்ட் நுத் இந்த முறையின் அழகை மனம்விட்டுப் புகழ்ந்திருக்கிறார்.

வெறும் அழகு மட்டுமல்ல. 1958-ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் நிகொலாய் புருசென்ட்சொவ் குழு இதே முறையில் ஓடும் கணிப்பொறியைக் கட்டியது. பெயர் 'சேதுன்', அங்கே ஓடும் ஒரு சிறு ஆற்றின் பெயர். சுமார் 50 இயந்திரங்கள் தயாராயின. கூட்டல் எண்ணையும் கழித்தல் எண்ணையும் ஒரே மாதிரி கையாளும் இயந்திரம்!

ஆனால் உலகம் அதற்குள் இரண்டடிமானத்துக்குப் பழகிவிட்டது. 1965-ல் தயாரிப்பு நின்றது. புருசென்ட்சொவ் விடவில்லை. 1970-ல் 'சேதுன்-70' என்று இன்னொன்று கட்டினார். அது தொழிற்சாலைப் பக்கமே போகவில்லை. 2014-ல் அவர் இறந்தபோது, உலகத்தின் கணிப்பொறிகள் எல்லாம் 40-ஐ 101000 என்றுதான் எழுதிக்கொண்டிருந்தன.