சிங்கமீனைப் பிடி... கடலைக் காப்பாற்று! பொனேர் தீவின் விநோத வேட்டை

சாலையோரத்தில் ஒரு மஞ்சள் கல். அதில் ஒரு பெயர். அவ்வளவுதான்! அந்தக் கல்லைப் பார்த்ததும் பிக்கப் வண்டிகள் நிற்கின்றன. பின்னால் அடுக்கியிருக்கும் காற்று சிலிண்டர்களை முதுகில் மாட்டிக்கொண்டு, ஆட்கள் நேராகக் கடலுக்குள் நடந்து போகிறார்கள். படகு தேவையில்லை. சில நிமிடங்கள் நீந்தினால் போதும், கீழே பவளப்பாறை வந்துவிடும்.

இதுதான் பொனேர். கரீபியன் கடலில், வெனிசுலாவுக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில் இருக்கும் குட்டித் தீவு. நெதர்லாந்தைச் சேர்ந்தது. ஆனால், கடையில் கொடுப்பது அமெரிக்க டாலர். மக்கள் பேசுவது பாப்பியமென்டு. 'பொன் பினி' என்று சொன்னால் 'நல்வரவு' என்று அர்த்தம். மழை குறைவு என்பதால் எங்கு பார்த்தாலும் கள்ளிச்செடி. நடுநடுவே சாலையைக் கடக்கும் கழுதைகள். தெற்கே உப்பளங்கள், இளஞ்சிவப்பு ஃபிளமிங்கோக்கள். அந்த உப்பளங்களில் உழைத்த அடிமைகள் தவழ்ந்து நுழைந்த சின்னஞ்சிறு கல் குடில்கள் இன்றும் கடலைப் பார்த்து நிற்கின்றன.

இங்கே '1,000 படிகள்' என்றொரு கடற்கரை உண்டு. உண்மையில் எண்ணிப் பார்த்தால் எழுபதைக்கூடத் தொடாது. கனமான சிலிண்டரைச் சுமந்துகொண்டு மேலே ஏறும்போதுதான் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது புரியும்!

ஈட்டிக்குத் தடை

கடலைக் காப்பதில் பொனேர் முன்னோடி. 1961-ல் கடல் ஆமைகளுக்குப் பாதுகாப்பு. 1971-ல் ஈட்டியால் மீன் பிடிக்கத் தடை. 1975-ல் பவளத்தை உடைத்தெடுக்கத் தடை. 1979-ல் தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் கடல் பூங்கா. பவளப்பாறை மீது நங்கூரம் போட முடியாது. படகுகளை மிதவைகளில்தான் கட்ட வேண்டும்.

இவ்வளவு கட்டுக்காவலையும் மீறி, 2009 அக்டோபரில் ஓர் அழையா விருந்தாளி உள்ளே வந்தது. அதுதான் சிங்கமீன்.

அழகான ஆபத்து

சிவப்பும் வெள்ளையுமாக வரிகள், விசிறிபோல விரியும் துடுப்புகள், பிடரி மயிர்போல முதுகில் முட்கள் என்று பார்க்க அவ்வளவு அழகு. ஆனால், உடம்பில் 18 விஷ முட்கள். குத்தினால் உயிர் போகும் வலி. தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் குத்துப்பட்ட இடத்தை வைத்திருப்பதுதான் முதலுதவி. சூட்டில் அந்த விஷம் சிதைந்துவிடும்.

இதன் சொந்த ஊர் கரீபியன் அல்ல. இந்திய, பசிபிக் பெருங்கடல்கள். நம் மன்னார் வளைகுடாவிலும் இது உண்டு. இங்கே அது ஆயிரம் மீன்களில் ஒரு மீன். அதற்கு இரையாகும் மீன்களுக்கு அதைத் தெரியும்.

கரீபியன் மீன்களுக்கோ இப்படியொரு எதிரியைப் பார்த்த அனுபவமே இல்லை. துடுப்பை விரித்து மெதுவாக நெருங்கும் சிங்கமீனைக் கண்டு விலகத் தெரியாமல், அதன் வாய்க்குள் போய்விடுகின்றன. ஒரு பெண் மீன் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் முட்டைகள் இடும். குட்டி மீன்கள் குறைந்தால், பாறை மீது பாசியை மேய ஆள் இருக்காது. பாசி மண்டினால் பவளம் மூச்சுத் திணறும்.

அட்லாண்டிக்கில் முதன்முதலாக இது கண்ணில் பட்டது 1985-ல், அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலோரத்தில். அழகுக்காக வளர்த்தவர்கள் மீன்தொட்டியிலிருந்து கடலில் விட்டதுதான் ஆரம்பம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

மீண்டும் கையில் ஈட்டி

பொனேருக்கு ஒரு தர்மசங்கடம். ஈட்டியைக் கையில் கொடுத்தால் மற்ற மீன்களுக்கு ஆபத்து. கொடுக்காவிட்டால் சிங்கமீன் எல்லாவற்றையும் தின்றுவிடும்.

முதலில், சிங்கமீனைப் பார்க்கும் டைவர்கள் அந்த இடத்தில் ஓர் அடையாளம் கட்டிவிட்டு வர, பூங்கா ஊழியர்கள் போய்ப் பிடித்தார்கள். மீன் பெருகிய வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. எனவே, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களுக்கு மட்டும் 'எல்ஃப்' என்ற சிறு ஈட்டி அனுமதிக்கப்பட்டது. ரப்பர் பட்டையை இழுத்துவிட்டால் பாயும். மிக அருகில் போனால்தான் குறி படும். பாறையின் இடுக்கில் அசையாமல் நிற்கும் சிங்கமீனுக்கு அது போதும். பிடித்த மீனை, முள் குத்தாத தடித்த பிளாஸ்டிக் குழாய்க்குள் தள்ளிவிடுவார்கள்.

பலன் இருந்ததா? 2013-ல் வெளியான ஆய்வின்படி, பொனேரில் வேட்டை நடந்த இடங்களில் சிங்கமீன்களின் மொத்த எடை, நடக்காத இடங்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் குறைந்திருந்தது.

பிடித்த மீன் வீணாவதில்லை. முட்களை நீக்கிவிட்டால் சதை வெள்ளையாக, மென்மையாக இருக்கும். பர்கராகவும், எலுமிச்சைச் சாற்றில் ஊறிய செவிச்சேயாகவும் தட்டுக்கு வந்துவிடுகிறது.

குப்பையும் வெளியே

வேட்டை மட்டும் அல்ல, துப்புரவும் நடக்கிறது. தீவின் டைவிங் கடைகள் அவ்வப்போது ஆட்களைத் திரட்டிக் கடலுக்கடியில் இறங்குகின்றன. தூண்டில் நரம்பு, பாட்டில், பிளாஸ்டிக் என்று பை நிறைய மேலே வருகிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பவளமோ கடற்பஞ்சோ வளர்ந்துவிட்ட பழைய பாட்டிலை எடுக்கக் கூடாது. அது இப்போது ஒரு வீடு!

இவ்வளவுக்கும் பிறகு கடல் தப்பித்துவிட்டதா என்றால், இல்லை. டைவர்கள் இறங்கும் ஆழம் சுமார் 40 மீட்டர்தான். அதற்குக் கீழும் சிங்கமீன்கள் இருக்கின்றன. இனி அவற்றை முழுவதுமாக அழிக்க முடியாது. பெருகாமல் பார்த்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, 2023-ல் பவளத்தின் திசுவையே உரிக்கும் ஒரு கொடிய நோய் இங்கே வந்து, மூளை வடிவப் பவளங்களை எலும்புக்கூடாக்கியிருக்கிறது. இதை ஈட்டியால் குத்த முடியாதே! நோய் இடம்விட்டு இடம் பரவாமல் இருக்க, உடையையும் கருவிகளையும் கிருமிநாசினியில் அலசிவிட்டுத்தான் டைவர்கள் அடுத்த மஞ்சள் கல்லுக்குப் போக வேண்டும்.

மாலை மங்கும் நேரத்தில்தான் சிங்கமீன்கள் இரை தேடி வெளியே வரும். அப்போதுதான் பொனேர் கரையில் பிக்கப் வண்டிகள் மீண்டும் வந்து நிற்கின்றன. அடுத்த வாரமும் நிற்கும். இது முடியாத வேலை என்று தெரிந்தேதான் இறங்குகிறார்கள்.

எங்கோ கரீபியனில் நடக்கும் கதைதானே என்று விட்டுவிட வேண்டாம். மீன்தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கும் 'டேங்க் கிளீனர்' சக்கர் மீன், தமிழ்நாட்டு ஏரிகளிலும் பெருகிக்கிடக்கிறது. வளர்த்த மீன் பெரிதாகிவிட்டால், பாவம் பார்த்து ஏரியில் விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்!