குருட்டுக் கொக்கு

கேமராவுக்கு ஒரு பெரிய லென்ஸ் வாங்கினேன். இருபத்துநாலு மாதத் தவணை. பெட்டியைப் பிரித்ததும் மனைவி கேட்டாள்: "இதென்னங்க, பீரங்கியா? டேங்க் ஃபேக்டரியில வேலை பார்த்தது மாமாதானே?"

ஆவடியில் இருந்துகொண்டு டேங்க் ஜோக்குக்குக் கோபித்துக்கொள்ள முடியாது. 'ஹிஹி' என்று வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் பருத்திப்பட்டு ஏரியில் இருப்பேன். ஒரு காலத்தில் சாக்கடை கலந்து நாறிய ஏரி. சீரமைத்து, கரையில் நடைபாதை போட்டு, 2019-ல் பூங்காவாகத் திறந்தார்கள். கூழைக்கடா, நீர்க்காகம், தாழைக்கோழி என்று ஏகப்பட்ட விருந்தாளிகள்.

"எந்த டி.வி. சார்?" என்பார் வாக்கிங் வருகிறவர்.

"டி.வி. இல்லை சார். சும்மா... பறவை."

"சும்மாவா?" லென்ஸைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். பரிதாபமாக நகர்ந்துவிடுவார்.

உண்மையில் சும்மா இல்லை. அப்போது ஆபீஸில் ஆட்குறைப்பு லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயந்திரமானால் யாராவது ஒருத்தர் மேஜையைக் காலி செய்துகொண்டிருப்பார். அடுத்தது யார்? அதை யோசிக்காமல் இருக்கத்தான் லென்ஸுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். செகண்டுக்குப் பத்துப் படம் எடுக்கிறவனுக்கு யோசிக்க ஏது நேரம்?

அப்பாவுக்கு நாசரேத் பக்கம். இங்கே வந்து முப்பது வருஷமாகியும் பேச்சு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. க்ளாக்கோமாவில் பார்வை முக்கால்வாசி போயாச்சு. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் வீட்டு ஜெபத்தில் வேதம் வாசிப்பது என் வேலை.

ஒரு சனிக்கிழமை ராத்திரி மத்தேயு ஆறாம் அதிகாரம். ஆகாயத்துப் பறவைகள் விதைப்பதுமில்லை, அறுப்பதுமில்லை, அவற்றுக்குப் பரமபிதா சோறு போடவில்லையா, நீ ஏன் கவலைப்படுகிறாய் என்று இயேசு கேட்கிற இடம்.

"பறவைக்கு ஈ.எம்.ஐ. கிடையாதுப்பா" என்றேன்.

அப்பா சிரித்தார். "அது கிடக்கட்டும். இன்னிக்கு என்னத்தப் பாத்த, சொல்லு."

"குருட்டுக் கொக்கு."

"எத்தனை போட்டோ?"

"நானூறு இருக்கும்."

"கால் என்ன நிறம்?"

முழித்தேன். மெதுவாக லேப்டாப்பைத் திறந்தேன். கண் தெரியாவிட்டால் என்ன, சத்தம் கேட்டுவிட்டது.

"ஏலே, படத்தப் பாத்துச் சொல்லாத. நீ பாத்ததச் சொல்லு."

சொல்ல ஒன்றுமே இல்லை!

"கவலப்படாதன்னு சொன்ன கையோட, 'பாரு'ன்னுல்லா சொல்லியிருக்கு! அந்தப் பாக்குற வேலையே செய்யல, கவலப்படாம இருக்கது எப்படில வரும்?"

சுருக்கென்றது. அப்புறம் புத்தகங்களைத் தேடினேன். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்கு ஏனோதானோவென்று பார்ப்பது பொருளல்ல. கண்ணை ஊன்றிப் பார்ப்பது. லண்டன் போதகர் ஜான் ஸ்டாட் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு, பைனாகுலரும் கையுமாக உலகம் சுற்றி, பறவைகளை ஆசிரியர்களாக வைத்து 1999-ல் ஒரு புத்தகமே போட்டார். நம் சென்னையில் வாழ்ந்த மா.கிருஷ்ணன் (1912-1996), தானே பாகங்களைக் கோத்துச் செய்த கேமராவில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்தவர். அவருடைய ஃபிலிம் எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய சமாசாரம். பார்க்காமல் க்ளிக் செய்தால் கட்டுப்படியாகாது!

அடுத்த சனிக்கிழமை கேமராவைப் பையை விட்டே எடுக்கவில்லை. நாற்பது நிமிஷம் ஒரே குருட்டுக் கொக்கு.

காலடி பக்கத்தில் வரும்வரை பறக்காது. அதனால்தான் குருடு என்று பேர் வைத்துவிட்டோம். குருடெல்லாம் இல்லை. கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, சேற்றோடு சேறாக நின்று, எல்லாவற்றையும் பார்க்கிறது. ஒரு கொத்து, மீன் தப்பியது. இன்னொன்று, அதுவும் போச்சு. அதற்காக அது தலையில் கை வைத்து உட்காரவில்லை. அரை அடி நகர்ந்து மறுபடி நின்றது. மூன்றாவது தடவை சின்னதாக ஒன்று கிடைத்தது. பரமபிதா கூட்டுக்கே பார்சல் அனுப்புவதில்லை போலும். ஏரியில் மீன் வைத்திருக்கிறார். நிற்கப் பொறுமை கொடுத்திருக்கிறார்.

நாய் ஒன்று ஓடி வந்தது. கொக்கு எழும்பியது பாருங்கள்... மண் நிறமெல்லாம் மாயமாகி, பளீரென்று ரெண்டு வெள்ளைச் சிறகு! அத்தனை வெள்ளையும் அதுவரை உள்ளேயேதான் மடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இருபது நிமிஷம் சொன்னேன். கால் பச்சை கலந்த மஞ்சள். அலகு மஞ்சள், நுனி கறுப்பு. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் என் கையைத் தேடிப் பிடித்து, "இப்பத் தெரியுதுல" என்றார்.

லிஸ்ட் என்ன ஆச்சு என்கிறீர்களா? என் பேர் வந்தது. மூன்று மாதம் அலைந்து பூந்தமல்லியில் வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம் கம்மி. கவலையே இல்லை என்றால் பொய். ரெண்டு கொத்து தப்பிய கொக்கை நினைத்துக்கொண்டுதான் மூன்றாவது இன்டர்வியூவுக்குப் போனேன்.

லென்ஸை விற்றுத் தவணையை அடைத்தாயிற்று. அப்படியும் சனிக்கிழமை விடியலில் கிளம்பினால், "பீரங்கி இல்லாமயே போருக்கா?" என்று காபியை நீட்டுகிறாள் மனைவி.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்:

"ஏலே, இன்னிக்கு என்னத்தப் பாத்த?"