கொட்டேஷன் பார்த்தேன், சகாயம்

ராயபுரம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சகாயம்,

நீ அனுப்பிய பள்ளி நெட்வொர்க் கொட்டேஷனை வரி விடாமல் படித்துவிட்டேன். கண் எரிகிறது. 'பார்த்துட்டு ஓகேன்னு சொல்லு அத்தே' என்று கீழே ஒரு வரி போட்டிருக்கிறாயே, அதற்குத்தான் முதல் திட்டு. ஓகே சொல்ல மாட்டேன். காரணத்தைப் போனில் சொன்னால் 'சரி அத்தே, சரி அத்தே' என்றபடி நீ லாரி டிரைவரோடு பேசிக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. விடியற்காலையில் மீன் வாங்கி வருகிறேன் என்று காசிமேட்டுக்கு நடக்கிறார், ஏலத்தை வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார். உங்கம்மாவை முட்டிவலிக்கு எண்ணெயையே தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போகச் சொல்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவன் என்று உன்னைச் சேர்த்ததில் எனக்குப் பெருமைதான். அதே பள்ளிச் சுவரேறிக் குதித்து ஓடியவன் நீ. ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் பணம் தருகிறது என்பதும் நல்ல சேதி. ஆனால் அது ஒரு தடவைதான் வரும். அடுத்த வருஷம் அந்தக் கம்பெனிக்கு வேறு ஊர், வேறு பள்ளி.

கொட்டேஷனை நீயே மறுபடி எடுத்துப் பார். வகுப்புக்கு ஒரு வைஃபை 7 பெட்டி, கிளவுட் கன்ட்ரோலர், ஹெட்மாஸ்டர் அறையில் பெரிய திரை என்று பெட்டிகளுக்கு மூன்று பக்கம். கம்பிக்கு ஒரே வரி: 'கேட் 6 கேபிள், தேவைக்கேற்ப'. பிராண்டும் இல்லை, மீட்டர் கணக்கும் இல்லை. ஓட்டைப் படகுக்குப் புது இன்ஜின் வாங்குகிற கதை இது. பெட்டி ஐந்து வருஷத்தில் பழசாகிவிடும். சுவருக்குள் போகிற கம்பி பதினைந்து வருஷம் கிடக்க வேண்டியது.

அந்த ஒரு வரியில்தான் ஏமாற்று வேலை நடக்கும். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கேபிளை கேட் 6 என்று அச்சடித்தே விற்கிறார்கள், பாதி விலைக்குக் கிடைக்கும். ஒரு முழம் வெட்டி, உள்ளே இருக்கிற கம்பியை பிளேடால் சுரண்டு. உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் வண்டியிலேயே திருப்பி அனுப்பு. வைஃபை பெட்டிக்குக் கரண்டும் அதே கேபிளில்தான் போகிறது. அலுமினியத்துக்குத் தடை அதிகம், சூடாகும், வளைத்த இடத்தில் முறியும்.

நம் பக்கத்தில் உப்புக்காற்று வேறு. நான் பிஎஸ்என்எல்லில் வேலை பார்த்த காலத்தில் தெருவோர பில்லர் பெட்டியைத் திறந்தால் செம்பெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். முதல் மழைக்கே தெரு முழுக்க லைன் செத்துவிடும், திட்டு மட்டும் எங்களுக்கு. உன் எண்ணூரில் அதோடு நிலக்கரித் தூளும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்துகொள்கின்றன. அதனால் ஃபேன் வைத்த ஸ்விட்ச் வேண்டாம், தூசியை உறிஞ்சி அடைத்துக்கொள்ளும். ஃபேன் இல்லாத சின்ன ஸ்விட்ச்சாகக் கேள். கதவு மூடுகிற பெட்டிக்குள் வை.

பழைய கட்டிடத்துக்கும் புதுக் கட்டிடத்துக்கும் நடுவே செம்புக் கேபிள் இழுக்கவே கூடாது. நூறு மீட்டர் தாண்டினால் அது வேலைக்கு ஆகாது, இடி விழுந்தால் இரண்டு பக்கத்துப் பெட்டிகளும் போகும். அங்கே ஃபைபர் போடு. கண்ணாடி இழைக்கு உப்பும் தெரியாது, மின்னலும் தெரியாது. முன்பு அது பெரிய ஆபீஸ்களுக்கான சமாச்சாரம். இப்போது திருவொற்றியூரில் கேபிள் டிவிக்காரர்களே ஸ்ப்ளைசிங் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். ஒரே இழையில் வருகிற வெளிச்சத்தை முப்பத்திரண்டாகப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் உள்ளங்கை அகலம்தான், அதற்குக் கரண்டே வேண்டாம். கட்டிடத்துக்குள்ளேயும் இந்த முறையில் வகுப்புவரை ஃபைபர் கொண்டுபோவதுதான் இப்போது வளர்ந்து வருகிறது. அப்படிச் செய்தால் எவ்வளவு ஆகும் என்று தனியாக ஒரு விலை கேள்.

வைஃபை 7 எதற்கடா? பள்ளியில் இருக்கிற டேப்லெட்டும் லேப்டாப்பும் பழைய வைஃபைதானே பிடிக்கும்? வைஃபை 6 தாராளம். அதையும் 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டச் சொல். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான், சுற்றியுள்ள வீடுகள் அதை எப்போதோ அடைத்துவிட்டன. லேபுக்குக் கம்பி இணைப்பே போதும்.

கிளவுட் கன்ட்ரோலரில் வருஷ லைசன்ஸ் என்று பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்தாயா? மூன்று வருஷம் கழித்து யார் கட்டுவார்கள்? சில கம்பெனிப் பெட்டிகள் லைசன்ஸ் முடிந்ததும் வேலையையே நிறுத்திவிடும். லைசன்ஸ் இல்லாமல் ஓடுகிற பெட்டிதான் வேண்டும் என்று எழுதிக் கேள். ஓப்பன்வர்ட் என்று இலவச மென்பொருள் ஒன்று பல வருஷமாக இருக்கிறது. 2024 கடைசியில் அதைச் செய்கிறவர்களே 89 டாலருக்கு ஒரு ரவுட்டர் வெளியிட்டார்கள். அதையே வாங்கு என்று சொல்லவில்லை. அந்த விலைக்கு இவ்வளவு கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டு பேரம் பேசு.

லேபில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிடச் சொல்கிறானாம் அந்த வெண்டர். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு நின்றது உண்மை. அதற்காக மெஷின் செத்துப்போகவில்லையே. லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும். கேரளத்துப் பள்ளிகள் வருஷக்கணக்காக அப்படித்தான் நடத்துகின்றன. நம் சென்னை சி-டாக்கில் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழும் இருக்கிறது. ஒரு மெஷினை மட்டும் சர்வராக்கி, கோலிப்ரி, கிவிக்ஸ் என்கிற மென்பொருள்களைப் போட்டுவை. பாட வீடியோவும் தமிழ் விக்கிப்பீடியாவும் நெட் இல்லாமலே வகுப்பில் ஓடும். ஒரே வீடியோவை நாற்பது பிள்ளைகள் நாற்பது தடவை இறக்கினால் எந்த லைனும் தாங்காது.

ஆற்றுக்கு அந்தப்பக்கம் அத்திப்பட்டுக்கு அரசு ஃபைபர் உண்டு, நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாய். அது பாரத்நெட் திட்டம். தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் வழியாக 12,525 கிராம ஊராட்சிகளுக்கு என்று போட்டது. எண்ணூர் அடங்கிய கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011-இல் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன, அதனால் நாம் அந்தக் கணக்கில் வரமாட்டோம். கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. உங்கள் குழுவில் கவுன்சிலர் இருக்கிறாரே, அவரிடம் இதைக் கேள்: பள்ளி, வார்டு ஆபீஸ், நூலகம், சுகாதார நிலையம் எல்லாம் எட்டுகிற தூரத்தில் இருந்தும் ஏன் தனித்தனி பில்? ஒரே நல்ல ஃபைபரை வாங்கி, விலான் போட்டு ஆளுக்கொரு வழியாகப் பிரித்துவிடலாம். பிள்ளைகளின் விவரம் இருக்கிற பக்கம் மற்றவர்கள் எட்டிப் பார்க்க முடியாது. இது டெக்னிக்கலாகச் சின்ன வேலை. எந்தத் துறை பில் கட்டுவது என்கிற சண்டைதான் பெரிசு. அதை நீங்கள்தான் மூச்சு வாங்க வாங்கப் பேசித் தீர்க்க வேண்டும்.

2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல்லில் 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் விஆர்எஸ்ஸில் வெளியே வந்தோமே, அன்று மாலை எனக்கு மாரடைத்த மாதிரி இருந்ததே தவிர லைன்கள் அன்றே செத்துவிடவில்லை. எந்த ஜாயிண்ட் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் இல்லாமல் போனதுதான் பிறகு வலித்தது. ஆகவே பாஸ்வேர்டு, வயரிங் படம், பில் நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி ஹெட்மாஸ்டர் பீரோவில் இருக்கட்டும். வெண்டர் பையன் போனில் இருந்தால் அது பள்ளிக்குச் சொந்தமில்லை.

மிக்ஜாம் புயல் நினைவிருக்கிறதல்லவா? 2023 டிசம்பரில் தண்ணீரோடு எண்ணெயும் வந்து உங்கப்பன் படகு தார் பூசினாற்போல் நின்றது. அந்தக் கறையை வைத்தே சொல்கிறேன், ரேக்கும் யுபிஎஸ்ஸும் முதல் மாடியில்தான் இருக்க வேண்டும். கீழே ஹெட்மாஸ்டர் அறையில் அழகுக்கு வைக்கிறேன் என்றால் விடாதே. லைன் அறுந்தால் கைகொடுக்க, சிம் போடுகிற ரவுட்டர் ஒன்று கூடவே இருக்கட்டும். எங்கள் பிஎஸ்என்எல்லே 2025 செப்டம்பரில் உள்நாட்டிலேயே செய்த 4ஜியைக் கொண்டுவந்துவிட்டது. லேட்தான், கிண்டல் பண்ணாதே.

இதெல்லாம் முதலில் யாருக்கு உதவும் தெரியுமா? சொந்தப் போன் டேட்டாவில் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிற உங்கள் டீச்சர்களுக்கு. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் கையெழுத்துப் போடாதே.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வா. கொட்டேஷனை பிரிண்ட் எடுத்து வா, கேபிளையும் ஒரு முழம் வாங்கி வா. வஞ்சிரம் கிடைத்தால் குழம்பு வைக்கிறேன், மாமாவை நம்பாமல் நானே போய் வாங்கி.

அன்புடன்,
அத்தை

பி.கு.: எர்த்தைப் பற்றிக் கொட்டேஷனில் ஒரு எழுத்துகூட இல்லை. எண்ணூர் உப்பு மண்ணில் பழைய எர்த் கம்பி அரித்துப்போயிருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து இந்த வாரமே அளந்து பார்த்துவிடு.