மாராவுக்கு முதல்ல போறது உங்க பணம்!

ஆகஸ்ட் மாசம். கென்யாவில் மாரா ஆற்றங்கரை. கூரை திறந்த லேண்ட் க்ரூஸருக்குள்ள நீங்க நின்னுக்கிட்டு இருக்கீங்க. எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட். பார்த்தா மாடு மாதிரியும் இருக்கும், தாடி வச்ச ஆடு மாதிரியும் இருக்கும்! முன்னால நிக்கிறது தண்ணிக்கிட்ட வரும், மோந்து பார்க்கும், திரும்பிடும். அதைப் பார்த்து மொத்தக் கூட்டமும் திரும்பிடும். தண்ணிக்குள்ள முதலை காத்திருக்குன்னு அதுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மணிக்கணக்கில் இதே கதைதான். திடீர்னு ஒண்ணு குதிக்கும் பாருங்க... பின்னாலேயே புழுதியும் இரைச்சலுமா அத்தனையும் ஆத்துல!

தான்சானியாவின் செரங்கெட்டியில் இருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் புல்லைத் தேடி நகர்கின்றன. அதில் பெரும் கூட்டம் ஏறக்குறைய ஜூலையில் இருந்து அக்டோபர் வரைக்கும் மசாய் மாரா பக்கம் மேயும். நைரோபியில் இருந்து ரிஃப்ட் பள்ளத்தாக்கில் இறங்கி, நாரோக் ஊரைத் தாண்டி, ஐந்தாறு மணி நேர ரோடு. படிப்பு முடிச்சு முதல் சம்பளம் வாங்கினதும் நாலு ஃப்ரெண்ட்ஸா சேர்ந்து போகலாம்னு பிளான் போட்டாச்சா? சூப்பர். ஆனா உங்களுக்கு முன்னாடி, பல மாசம் முன்னாடியே, அங்கே போயாக வேண்டியது உங்க பணம்.

சஃபாரி நடத்துற கம்பெனி பொதுவா மொத்தத்தில் 20 முதல் 30 சதவீதம் முன்பணம் கேட்கும். கேட்டதுமே ‘ஃப்ராடு’னு பதறாதீங்க. சீசன்ல கூடாரம் பிடிக்க அவங்களும் கேம்ப்புக்குப் பணம் கட்டணும், வண்டி, டிரைவர் எல்லாத்தையும் உங்களுக்காக ஒதுக்கணும். அட்வான்ஸ் கேட்கிறது நியாயம்தான். யார் கேட்கிறாங்க, எந்த வழியா அனுப்பச் சொல்றாங்க, ஏதாவது ஆச்சுன்னா திரும்பி வருமா... அங்கேதான் விஷயம்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. மாராவுக்குள் நுழைய வெளிநாட்டுக்காரர் ஒருத்தருக்கு ஒரு நாள் கட்டணம், 2024-ல் வந்த புது ரேட்படி, ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ரெண்டு நாள் உள்ளே சுத்தினாலே 400 டாலர் நுழைவுக்கே காலி! இப்போ ஒருத்தர், ‘ஆகஸ்ட்ல மூணு நாள், சாப்பாடு, தங்கல், எல்லா கட்டணமும் சேர்த்து 350 டாலர்’னு மெயில் அனுப்பினா? அந்த மெயிலுக்குப் பதில்கூட வேண்டாம். நீங்க போற வருஷத்து ரேட்டை ஒரு தடவை சரிபார்த்துட்டு இந்தக் கணக்கைப் போடுங்க. பாதி ஆளுங்க இதிலேயே கழிஞ்சிடுவாங்க.

அடுத்து, ஆள் யாரு? கென்யாவில் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தோட லைசென்ஸ் இல்லாம சஃபாரி தொழில் நடத்தக் கூடாது. நம்பரைக் கேளுங்க, இந்த வருஷத்து லைசென்ஸானு பாருங்க. 1978-ல் ஆரம்பிச்ச கேட்டோ என்ற சஃபாரி நடத்துநர் சங்கமும் இருக்கு. உறுப்பினர் கம்பெனி நொடிச்சுப் போனா பயணியைப் பாதுகாக்க ஒரு பாண்ட் திட்டம் வச்சிருக்காங்க. கம்பெனி சொல்றதை நம்பாம, சங்கத்துக்கே எழுதி ‘இவங்க உறுப்பினரா, பாண்டுக்குள்ள வர்றாங்களா’னு கேளுங்க. லோகோவை யார் வேணும்னாலும் காப்பியடிக்கலாமே!

இன்னொரு வேலை, நான் ரொம்ப நம்புறது. தங்கப்போற கேம்ப்போட பேரை வாங்கி, நேரா கேம்ப்புக்கு மெயில் தட்டுங்க. ‘இந்தக் கம்பெனியை உங்களுக்குத் தெரியுமா?’ அட்வான்ஸ் கட்டின பிறகு இன்னொரு மெயில்: ‘எங்க பேர்ல ரூம் இருக்கா?’ காசு செலவில்லை, பதில் சொல்லிடும் கதையை.

இப்போ பணம் போற வழி. கிரெடிட் கார்டுதான் பெஸ்ட். கென்யாவில் பல கம்பெனிகள் பெசாபல் மாதிரி கார்டு வழியைத்தான் வச்சிருக்காங்க. கொஞ்சம் கூடுதல் கட்டணம் கேட்பாங்க, உங்க பேங்க்கும் ஃபாரின் மார்க்அப்னு ஒரு பங்கு எடுத்துக்கும். வலிக்கும்தான். ஆனா சொன்ன சேவை கிடைக்கலைன்னா பேங்க்கிட்ட சார்ஜ்பேக் கேட்க முடியும். சேவை கிடைச்சிருக்க வேண்டிய தேதியில் இருந்து பொதுவா 120 நாள் அவகாசம். அந்த மூணு நாலு சதவீதத்தை இன்ஷூரன்ஸ்னு நினைச்சுக்கோங்க. கார்டில் வெளிநாட்டு வசதியை ஆன் பண்ண மறக்காதீங்க; 2020-க்குப் பிறகு வந்த கார்டுகளில் அது ஆஃப்லதான் வரும். ‘கார்டோட ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க’னு கேட்டா மட்டும், அப்பா கார்டா இருந்தாலும் சரி, மாமா கார்டா இருந்தாலும் சரி, கூடவே கூடாது.

சின்ன கம்பெனி, நல்ல கம்பெனி, ஆனா பேங்க் டிரான்ஸ்ஃபர் மட்டும்தான்னு சொல்றாங்களா? பேங்க்கில் ஏ2 படிவம் கொடுத்து அனுப்பலாம். ஆனா போன பணம் போனதுதான். வாங்கினவர் சம்மதிக்காம திரும்ப வராது. அதனால அக்கவுன்ட் கம்பெனி பேர்ல இருக்கணும், மேனேஜர் பேர்ல இல்ல. ஸ்விஃப்ட் கோடில் அஞ்சாவது, ஆறாவது எழுத்து நாட்டைச் சொல்லும். கென்யான்னா கே, ஈ. வேற நாடு வந்தா ஏன்னு கேளுங்க. வழியில் இருக்கிற பேங்க் பத்து, இருபது டாலரைக் கடிச்சிடும். கட்டணம் யார் தலையில்னு படிவத்திலேயே குறிச்சிடுங்க, இல்லைன்னா ‘பணம் குறையுது’னு மறுபடி மெயில் வரும்.

நல்ல கம்பெனியிலும் ஒரு கண்ணி உண்டு. மெயிலைத் திருட்டுத்தனமா படிச்சுக்கிட்டு இருக்கிறவன், மீதிப் பணம் கட்டற வாரத்தில், ‘ஆடிட் நடக்குது, இந்தப் புது அக்கவுன்ட்ல போடுங்க’னு அதே பாணியில் எழுதுவான். முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அக்கவுன்ட் மாறுதுன்னாலே போனைப் போடுங்க. அந்த மெயிலில் இருக்கிற நம்பருக்கு இல்ல, முதல்ல பேசின நம்பருக்கு.

ரத்து பண்ணினா எவ்வளவு திரும்பும்ங்கிறதை எழுத்தில் வாங்கிட்டு அட்வான்ஸ் கட்டுங்க. மீதியை நைரோபியில் இறங்கி, வண்டியைக் கண்ணால பார்த்துட்டுக் கட்டலாமானும் கேளுங்க. சில கம்பெனிகள் ஒத்துக்கும். அங்கே எம்-பெசா, கார்டு ரெண்டும் ஓடும். எம்-பெசான்னா கம்பெனியோட பே-பில் நம்பருக்கு அனுப்புங்க, தனி ஆளோட போன் நம்பருக்கு வேண்டாம். உறுதி செய்யும் முன்னாடி பேர் வரும், படிச்சுட்டு அழுத்துங்க. அப்புறம் நாரோக் ரோடு. வில்டபீஸ்ட் குதிக்குமா, குதிக்காதாங்கிறதுக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் ரசீது தராது!