மூக்கில் எரியும் அடுப்பு

ஓய்வு பெற்ற பிறகு கணினியில் விமானம் ஓட்டப் பழகினேன். இரட்டை எஞ்சின் கொண்ட பீச்கிராஃப்ட் பேரன் 58. பெயரைச் சொன்னதும் என் மனைவி, "பேரனா? முதல்ல பையனுக்குக் கல்யாணம் ஆகட்டும்" என்றாள். பையன் அமெரிக்காவில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் டுலூத்தில் படிக்கிறான். ஆகவே நான் பெரும்பாலும் பறப்பது ஃபார்கோவிலிருந்து டுலூத்துக்குத்தான்.

ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானங்களில் புகைபோக்கிக் குழாயைச் சுற்றி வரும் காற்றே சூடேறி உள்ளே நுழையும். குழாயில் விரிசல் விட்டால் மணமற்ற கார்பன் மோனாக்சைடும் உடன் நுழையும். பேரனில் எஞ்சின்கள் இறக்கைகளில் தள்ளி நிற்பதால், மூக்குப் பகுதியில் தனியாக ஓர் அடுப்பு வைத்திருக்கிறார்கள். எஞ்சின்கள் குடிக்கும் அதே பெட்ரோலை எரித்து மணிக்கு 50,000 பி.டி.யூ. வெப்பம் தரக்கூடியது. காலுக்கு முன்னால் நெருப்பை வளர்த்துக்கொண்டு பறப்பதென்பது யோசித்தால் சற்று விபரீதமான ஏற்பாடுதான்.

அதிலும் ஒரு விந்தை உண்டு. கடுங்குளிரில் உள்ளே வரும் காற்றைக் குறைக்க வேண்டும். அதற்கான குமிழைப் பாதி இழுத்தால் குளிர்காற்றின் அளவு குறைந்து, வருவது நன்றாகச் சூடேறி வரும். முழுதும் இழுத்துவிட்டால் அடுப்பே நின்றுவிடும். இது விளங்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. தரையிறங்கிய பின் உடனே அணைக்கவும் கூடாது. விசிறியை மட்டும் இரண்டு நிமிடங்கள் ஓடவிட்டு அடுப்பை ஆற வைக்க வேண்டும். விளையாட்டில் யார் காத்திருப்பது? நான் ஒருநாளும் காத்திருந்ததில்லை.

அதனாலோ வேறெதனாலோ, ஒரு மாலையில் நடுவானில் அடுப்பு அணைந்தது. அதிவெப்பப் பாதுகாப்பு துண்டித்துவிட்டால் பறக்கும்போது மீட்க வழியில்லை. உள்வெப்பம் 18, 10, 2 என்று இறங்கி மைனஸ் 6-க்கு வந்தது. சென்னையில் மின்விசிறியின் கீழ் வியர்வையுடன் அமர்ந்திருந்த எனக்கு அந்த எண்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

போன ஜனவரியில் பையனின் அறையில் ஹீட்டர் பழுதாகியிருந்தது. நான்கு நாட்கள் கழித்து, இருமலுக்கு நடுவே சொன்னான்: "கோட்டைப் போட்டுக்கிட்டே தூங்கினேன்ப்பா, ஒண்ணும் ஆகல." அந்த நான்கு நாட்களில் இருமுறை அவனோடு பேசியிருந்தேன். இரண்டு முறையும் சாப்பிட்டாயா என்று மட்டுமே கேட்டேன். அவனும் சாப்பிட்டேன் என்று மட்டுமே சொன்னான்.

ஃபார்கோவுக்கே திரும்பி இறங்கினேன். ஆற வைக்க அடுப்பில் சூடே இல்லாவிட்டாலும் விசிறியை இரண்டு நிமிடங்கள் ஓடவிட்டேன். பிறகு அவனை அழைத்தேன். அங்கே காலை எட்டு மணி.

"ரூம்ல ஹீட்டர் வேலை செய்யுதாடா?"

"என்னப்பா திடீர்னு? செய்யுது. ஆனா ராத்திரியில ஒரு மாதிரி சத்தம் போடுது."

"என்ன சத்தம்?"

சிரித்தான். பிறகு கைபேசியை ஹீட்டரின் அருகே கொண்டுபோய்ப் பிடித்தான்.